வேட்பாளர் திரவியம் நேரில் ஆஜராக வேண்டும்

உட்காருங்கள் அக்கா, இடம் இருக்கிறது. அந்த ஓரம் மட்டும் வேண்டாம், பெஞ்சுக்கால் ஆடுகிறது. பட்டா மாறுதலுக்கா வந்தீர்கள்? அது அடுத்த கட்டிடம். ஆனால் அங்கே நிழல் கிடையாது, எல்லோரும் இந்த வராந்தாவில்தான் வந்து காத்திருக்கிறார்கள். நான் தேர்தல் பிரிவுக்கு வந்தேன். ஆமாம், தேர்தல் முடிந்துவிட்டது. ஜெயித்தவர் பதவியேற்று, கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று போய்க்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.

நோட்டீஸ் எனக்கு வரவில்லை, அப்பாவுக்கு வந்திருக்கிறது. படிக்கிறேன், கேளுங்கள். "வேட்பாளர் திரு. சு. திரவியம் அவர்கள் தமது தேர்தல் செலவுக் கணக்கை உரிய காலத்திற்குள் தாக்கல் செய்யாத காரணத்தால், மூன்றாண்டுகளுக்குத் தேர்தலில் போட்டியிடத் தகுதியற்றவர் என்று ஏன் அறிவிக்கக்கூடாது என்பதற்கு நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்க வேண்டும்." நேரில் என்று போட்டிருக்கிறார்கள். ஓட்டுப்போடும் நாளுக்கு முந்தின வாரமே நாங்கள் அவரைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தாயிற்று.

உச்சுக் கொட்டாதீர்கள் அக்கா. இறந்துபோனவருக்கு நோட்டீஸ் வந்தால் எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். எனக்கு அதில் கோபமே இல்லை. நோட்டீஸ் அனுப்பினது சரி என்கிறேன் நான். என் கோபம் வேறு. போன வாரம் வந்தபோது உள்ளே இருக்கிற அதிகாரி, ரொம்ப நல்லவர், எனக்குத் தண்ணீர் எல்லாம் கொடுத்தார், "இறப்புச் சான்றிதழ் ஒரு காப்பி குடுத்துட்டுப் போங்கம்மா, ஃபைல மூடிருதேன்" என்றார். மூடுகிறாராம். அதெப்படி மூட முடியும்?

நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். பட்டிமன்றம், மாதிரி நாடாளுமன்றம் எதிலும் இதுவரை வாயை மூடிக்கொண்டு வந்தவள் இல்லை. விதியைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளர் இடையில் காலமானால் தேர்தலைத் தள்ளி வைப்பார்கள். கட்சி வேறு ஆளை நிறுத்தலாம். சுயேச்சை காலமானால் தேர்தல் தன்பாட்டுக்கு நடக்கும். அவர் பெயர் இயந்திரத்தில் அப்படியே இருக்கும், சின்னத்தோடு. அப்பா பெயர் இருந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிந்தது. முந்நூற்றுச் சொச்சம் பேர் அமுக்கினார்கள். ஓட்டு வாங்குகிறவரைக்கும் அவர் வேட்பாளர், கணக்குக் கொடுக்கிற இடத்தில் மட்டும் காலமானவரா? என்ன நியாயம் இது?

இல்லை, நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். நான் கேள்வியாகக் கேட்கவில்லை.

அப்பா மைக்செட் வைத்திருந்தார். திரவியம் சவுண்ட் சர்வீஸ். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அவர்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். எல்லாக் கட்சிக்கும் கட்டுவார். காலையில் ஒரு கொடி, சாயங்காலம் ஒரு கொடி. "நமக்குக் குழாய்தான் கட்சி" என்பார். அப்படிப்பட்டவர் ஏன் தேர்தலில் நின்றார் என்றுதான் ஊரே கேட்கிறது. அதற்குக் காரணம் நான்.

போன வருஷம் லீவுக்கு வந்திருந்தேன். டிவியில் சட்டமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மசோதா. ஏற்பவர்கள் ஆம் என்கிறார்கள், எதிர்ப்பவர்கள் இல்லை என்கிறார்கள், நிறைவேறியது என்கிறார் அவைத்தலைவர். மூச்சு விடுகிற நேரம்தான் ஆனது. அப்பா பல்லில் வயரைக் கடித்து உரித்துக்கொண்டே கேட்டார், "எம்மா, எத்தன பேரு ஆம்னு சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்?" தெரியாது அப்பா, சத்தத்தை வைத்துத்தான் என்றேன். "அப்போ நம்ம தொழிலு" என்று சிரித்தார். நான் விடவில்லை. அப்படி இல்லை, ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து, சத்தம் போதாது, தலையை எண்ணுங்கள் என்று கேட்கலாம், கேட்டால் யார் யார் எந்தப் பக்கம் என்று குறிப்பில் ஏறும், கேட்கத்தான் ஆள் இல்லை என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தூங்கிவிட்டார் என்று அம்மா சொல்வாள். கண்ணை மூடிக் கேட்பது அவர் பழக்கம்.

ஆகவே மார்ச் மாதம் அவர் வேட்புமனு போடப்போகிறேன் என்று போனில் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. அன்றைக்குப் பேசினதுதான் உள்ளே போய் வேலை செய்திருக்கிறது.

டெபாசிட் யார் கட்டினார் என்று கேட்கிறீர்களா? எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். பூலோகபாண்டி அண்ணாச்சி கட்டினார். பெரிய கட்சியில் ஒன்றியப் பொறுப்பு. ஆமாம், அந்தக் கட்சிக்கும் வேட்பாளர் இருந்தார், அவர்தான் ஜெயித்தவர். அதனால் என்ன? அண்ணாச்சியும் அப்பாவும் ஒன்றாகப் படித்தவர்கள். எதிர்க்கட்சியில் நண்பர் இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். நானே தேர்தல் முகவர். பிரச்சாரப் பேச்சை நானே எழுதினேன், மூன்று தடவை திருத்தி. அப்பா அதை வீட்டுக்குள் கம்பளியைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் கரகரப்பு, அடியில் ஒரு கனம். "வாக்காளப் பெருமக்களே. சட்டமன்றத்தில் சத்தம் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள் என்று கேட்க ஒருவன் வேண்டும். அந்த ஒருவனாக என்னை அனுப்புங்கள்." பதிவு செய்யும்போது 'எண்ணிப் பாருங்கள்' என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. சிரிக்காதீர்கள் அப்பா என்று நான் அதட்டினேன். கடைசியில் ஒழுங்காகச் சொன்னார்.

செலவுக் கணக்கு எழுதுகிறபோது இன்னொரு வேடிக்கை. மாவட்டத்தில் எல்லாவற்றுக்கும் விலைப்பட்டியல் உண்டு அக்கா. டீக்கு இவ்வளவு, மாலைக்கு இவ்வளவு, குழாய் ஒன்றுக்கு நாள் வாடகை இவ்வளவு. சொந்தக் குழாயானாலும் வாடகை போட்டே ஆக வேண்டும். "எனக்கு நானே வாடகை குடுக்கணுமாக்கும்" என்றார் அப்பா. "பாக்கி வச்சிட்டு ஓடிட்டேன்னா என்னய எங்க போய்ப் பிடிப்பேன்?" சோதிக்க வந்த ஊழியருக்கே சிரிப்புத் தாங்கவில்லை. எழுதினேன். ஒவ்வொரு நாளும் எழுதினேன். எங்கள் கணக்கில் ஒரு பிசிறு கிடையாது.

வண்டி விஷயம் மட்டும்தான்.

எங்களிடம் இருந்தது ஒரு லோடு ஆட்டோ. கொம்பையா அண்ணன் ஓட்டுவார். ஆனால் அப்பா பெயரில் ஐந்து வண்டிக்கு அனுமதி வாங்கியிருந்தது. அண்ணாச்சிதான் ஓடியாடி வாங்கித் தந்தார். சட்டம் தருகிற உரிமையை ஏன் விட வேண்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒருநாள் பஜாரில் ஒரு வெள்ளைக் கார் போனது, முன் கண்ணாடியில் அப்பா பெயர் போட்ட அனுமதிச்சீட்டு. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் தோளில் அண்ணாச்சி கட்சித் துண்டு. வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா சோல்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "இரவல் கேட்டிருப்பாங்கம்மா" என்றார். அவ்வளவு வெள்ளை மனசு. அவரை எப்படி ஏமாற்றியிருக்கிறார்கள் பாருங்கள்.

அதற்குப் பிறகு நான்கைந்து நாள்தான்.

எதிர்க்கட்சி மேடைக்குக் குழாய் கட்டத்தான் ஏறியிருந்தார். எதிர்க்கட்சி என்றால் எங்களுக்கு எதிர், அண்ணாச்சி கட்சி. தொழில் வேறு, அரசியல் வேறு என்பதில் அப்பா அவ்வளவு தெளிவு. சவுக்குக்கம்பத்தின் உச்சியில் குழாயைத் திருப்பி வைக்கும்போது கயிறு நழுவியிருக்கிறது. கீழே மேடைக்குப் போட்டிருந்த இரும்புச் சட்டம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போவதற்குள்... சரி. அந்தக் கட்சிக்காரர்கள் மாலை போட்டார்கள். வேட்பாளரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நல்ல போட்டியாளர இழந்துட்டேன்" என்றார். பின்னால் நின்றவர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கொம்பையா அண்ணன் வந்து வாசலில் நின்றார். "ஆட்டோவ நிப்பாட்டிரவா பாப்பா?" எனக்கு அதுவரை அந்த யோசனையே இல்லை. ஏன் நிறுத்த வேண்டும்? பெயர் இயந்திரத்தில் இருக்கிறது. சின்னம் இருக்கிறது. பிரச்சாரம் முடிய நாள் இருக்கிறது. பறக்கும் படைக்காரர்கள் வழிமறித்தபோது நான் நேரே போனேன். காலமான வேட்பாளருக்குப் பிரச்சாரம் செய்யக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றேன். அவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்தார், யாருக்கோ போன் போட்டார், விட்டுவிட்டார். அண்ணாச்சியும் வந்து, "நிப்பாட்டாத தாயி, அதான் அவனுக்குச் செய்ற மரியாத. வண்டி அஞ்சும் ஓடட்டும்" என்றார். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

ஆக அப்பா குரல் ஓடியது. எல்லாத் தெருவிலும். வாக்காளப் பெருமக்களே என்று தூரத்தில் கேட்கும், திருப்பத்தில் பெரிதாகும், வாசலைத் தாண்டும், பிறகு தேயும். கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பிள்ளைகள் முதலில் பின்னால் ஓடினார்கள், பிறகு கதவுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். இறந்த மனுஷன் ஓட்டுக் கேட்கிறார் என்றால் அதைவிட ஒரு ஜனநாயகம் உண்டா?

துக்கம் கேட்க ஆட்கள் வந்திருந்த மத்தியானம் எங்கள் தெருவுக்குள்ளும் வந்தது. பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். குரல் கேட்டதும் அழுகை அப்படியே நின்றுவிட்டது. யாருக்கும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. அம்மா எழுந்தாள். தலைமுடியைக்கூட முடியவில்லை. தெருவில் இறங்கி ஆட்டோ முன்னால் நின்றாள்.

"நிப்பாட்டு கொம்பையா."

அவர் நிறுத்தினார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான்தான் முகவர். "ஓட்டுங்கண்ணே, இந்த ஒரு தெருதான் பாக்கி" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மெதுவாக நகர்த்தினார். அம்மா வழிவிட்டாள். ஆனால் ஆட்டோவின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள், தெருமுனை வரைக்கும், அந்தக் குழாய்க்கு நேர் கீழே. குரல் அவள் தலைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. முனையில் கையை விட்டாள்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். "அது அவரு பேச்சு இல்லட்டி. உன் பேச்சு. அவரு வாயில வச்சிருக்க."

எழுதித் தருவதில் என்ன தப்பு அக்கா? எந்தத் தலைவர் தானாக எழுதிப் பேசுகிறார்?

நாலு நாள் பொறுத்துதான் அம்மா மறுபடி பேசினாள், அதுவும் ஒரே வரி. டீக்கடையில் என்னவோ சொல்லியிருக்கிறார்கள், டம்மி என்று. உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய கட்சிக்காரர்கள் சுயேச்சை என்று ஒருவரை நிறுத்தி, அவர் பெயரில் வண்டி அனுமதி வாங்கி, பூத்தில் அவர் பெயரில் ஆள் உட்கார வைத்து, வரம்பை மீறுகிற தங்கள் செலவை அவர் தலையில் ஏற்றுவார்கள். அந்த மாதிரி ஆள் என்று என் அப்பாவைச் சொல்லியிருக்கிறார்கள். நான் கொதித்துப்போய் வந்து, அவருக்கு எதுவுமே தெரியாது, ஏமாற்றியிருக்கிறார்கள், விசாரணை கேட்கப்போகிறேன் என்று கத்தினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியும்ட்டி."

அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவுக்கு இந்தச் சட்டதிட்டமெல்லாம் புரியாது. அண்ணாச்சி கட்சி மாநாட்டுக்குக் குழாய் கட்டுகிற வேலை அப்பாவுக்கு வருவதாக இருந்ததாம், அதையும் இதையும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதனால்தான் இந்தக் கட்டு. வேட்பாளர் கையெழுத்து இல்லாததால் அப்போது கொடுக்க முடியாமல் போன முழுக் கணக்கு, ஐந்து வண்டிக்கும் விளக்கம், என் வாதம் பதினெட்டுப் பக்கம். மற்ற நாலு வண்டி எங்களுடையது இல்லை என்று எழுதியிருக்கிறேன். அதிகாரி போன வாரமே இதைப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுக்கோங்கம்மா. இத நீங்க குடுத்துட்டா நான் விசாரிக்கணும். கையெழுத்துப் போட்டு அனுமதி வாங்கினது உங்கப்பா. அவரு டம்மியா நின்னாருன்னு நாளைக்கு ஃபைல்ல ஏறிட்டுன்னா, அதை அழிக்க எனக்கு அதிகாரம் கெடயாது" என்றார். மிரட்டுகிறார் என்று சொல்ல மாட்டேன். நல்ல மனுஷர்தான். ஆனால் உண்மை வெளிவர வேண்டாமா? சான்றிதழைக் கொடுத்துவிட்டால் அப்பா நின்றதே இல்லை என்று ஆகிவிடும். ஒரு விபத்து, ஒரு சான்றிதழ், மூடின கோப்பு. இதைக் கொடுத்தால் அவர் வேட்பாளர். நின்றார், பேசினார், கணக்குக் கொடுத்தார்.

அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பதுதான் அம்மா. ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். வேறு வேறு சீட். சான்றிதழ் அவளிடம் இருக்கிறது.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லவில்லை. ஹாஸ்டலில் என் சிநேகிதி ஒருத்தி, உங்கப்பா உன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டாள். சும்மா, பேச்சுக்கு. எம்மா என்பார் என்றேன். சொன்னேனே தவிர, காதில் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். அப்பா முகம் வருகிறது, வயர் கடிக்கிற பல் வருகிறது, வாயைத் திறக்கிறார். வாக்காளப் பெருமக்களே என்கிறார். நான் படித்து முடித்துவிட்டேனா என்று அவர் கேட்க வந்தால் அந்த ஒருவனாக என்னை அனுப்புங்கள் என்கிறார். வேறு எதுவும் வர மாட்டேன் என்கிறது. பகலிலும்தான். வகுப்பில் பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் ஆட்டோ திரும்புகிற மாதிரி இருக்கும். பல்கலைக்கழகத்துக்குள் எங்கே தெருமுனை? அழுத்தம் திருத்தமான குரல், ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு இல்லை. நான்தானே சிரிக்காதீர்கள் என்றேன். பதிவு நன்றாக வர வேண்டும் என்று சொன்னேன், எந்த இயக்குநரும் அதைத்தான் சொல்வார்.

அம்மாவுக்கும் அப்படித்தான் கேட்கிறதோ என்னவோ. அவள் சொல்ல மாட்டாள். ரேடியோவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள்.

தண்ணீர் இருக்கிறதா அக்கா? ஒரு வாய் போதும்.

கதவைத் திறக்கிறார்கள். இல்லை, அது வேறு யாரையோ... இல்லை. அப்பா பெயர்தான். கேட்டீர்களா? "வேட்பாளர் திரவியம். வேட்பாளர் திரவியம் வந்திருக்காரா?" அப்படித்தான் கூப்பிட வேண்டும், நோட்டீஸில் இருக்கிற பெயரைத்தானே கூப்பிடுவார்கள். முகவர் என்ற முறையில் நான் எழுந்து சொல்ல வேண்டும். முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன், என்ன சொல்ல வேண்டும் என்று.

அம்மா எழுந்துவிட்டாள்.

"அவரு இல்லய்யா. செத்துப் போயிட்டாரு."

எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் பாருங்கள், அந்தக் கடைசி பெஞ்சு வரைக்கும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆட்சேபணை சொல்லலாம் நான். அவளுக்கு அந்த உரிமை கிடையாது, சட்டப்படி... அவள் உள்ளே போகவில்லை. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மஞ்சள் பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. என்னைத்தான் பார்க்கிறாள்.

"வா எம்மா. நீயும் வந்து சொல்லு."

எம்மா என்கிறாள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை அக்கா, ஏட்டி என்பாள். அப்பா சொல்கிற மாதிரி, அந்தக் கடைசி எழுத்தை இழுத்து...

இந்தக் காகிதக் கட்டைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? கனமாக இருக்கும். நான் உள்ளே போய்விட்டு வந்துவிடுகிறேன். காற்று அடிக்கிறது, பக்கம் பறந்தால் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். அம்மாவுக்குக் கை வலிக்கும், அது ஸ்பிரிங் கதவு.